மெஷின் வாங்கும் முன், எண்ணைப் பார்க்க ஆள் பிடியுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கத்தில், எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) அப்பாவோடு இருக்கிறார். சர்க்கரையும் பிரஷரும் பல வருஷமாக உண்டு. போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்தது. இப்போது இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான் என்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு தடவை மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆகிவிட்டார். தேனியில் ஓர் இதய மருத்துவரிடம் காட்டிவருகிறோம். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். வாட்ச், பிரஷர் மெஷின், ஆக்ஸிமீட்டர், ஈசிஜி பட்டை எல்லாம் சேர்த்து, வீட்டிலிருந்தே கண்காணிக்கும் பேக்கேஜ் ஒன்றை மாதச் சந்தாவுக்குத் தருவதாக ஒரு கம்பெனி சொல்கிறது. லயத்தில் சிக்னல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடத் தெரியும், அவ்வளவுதான். வாங்கலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு முதலில் வேண்டியது நல்ல எடை மெஷின் ஒன்று. அது அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்தது, மேற்கையில் கட்டும் பிரஷர் மெஷின். பிறகு ஒரு நோட்டு. இவற்றையெல்லாம்விட முக்கியம், தினமும் காலை எட்டு மணிக்கு அந்த எண்களைப் பார்க்க ஓர் ஆளும், எண் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிய சீட்டும்.

இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. 2010-இல் அமெரிக்காவில் இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு பம்ப் செய்யாத நிலை) நோயாளிகள் 1,653 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப்பேர் தினமும் தானியங்கித் தொலைபேசிக்கு அழைத்து எடையையும் அறிகுறிகளையும் பதிந்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. மறுபடி அட்மிட் ஆனதிலும் இறப்பிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. பதிவு செய்யச் சொன்னவர்களில் 14 சதவீதம் பேர் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. 2018-இல் ஜெர்மனியில் 1,571 பேரை வைத்து நடந்த ஆய்வில் பலன் கிடைத்தது. எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களும் இறப்பால் இழந்த நாட்களும் சேர்த்து, வருஷத்துக்குச் சராசரியாக 24 என்பது 18 ஆகக் குறைந்தது. அங்கே எடை, பிரஷர், ஈசிஜி எல்லாம் ஒரு மையத்துக்குப் போயின. அந்த மையத்தில் 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணைப் பார்த்தவுடன் போன் போட்டார்கள், மாத்திரையை மாற்றினார்கள். உங்களிடம் விற்கப் பார்க்கிற பேக்கேஜ் இந்த இரண்டில் எந்த வகை என்பதுதான் கேள்வி.

சீட்டிலிருந்து தொடங்குவோம். அடுத்த தடவை தேனிக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை எழுதி வாங்குங்கள்: உடம்பில் நீர் கோத்துக்கொள்ளாத நிலையில் அம்மாவின் எடை எவ்வளவு. அதிலிருந்து எத்தனை கிலோ ஏறினால் நீர் மாத்திரையை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையை) கூட்ட வேண்டும், எத்தனை கூடுதலாக, எத்தனை நாளுக்கு. மேல் பிரஷர் எந்த எண்ணுக்குக் கீழே போனால் அழைக்க வேண்டும். வாந்தி, பேதி வந்தால் எந்தெந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். பகலில் யாரை அழைப்பது, ராத்திரியில் எங்கே போவது. பெரும்பாலான டாக்டர்கள் கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்காமல் தருவது அபூர்வம். நோயாளி கேரளத்தில், டாக்டர் தமிழ்நாட்டில் என்பதால் போனில் ஆலோசனை சொல்ல முடியாதோ என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைப்படி, பதிவுபெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் உள்ள நோயாளிக்கும் ஆலோசனை தரலாம். ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த அதே நோய்க்கு என்றால் அது தொடர் ஆலோசனைக் கணக்கில் வரும், வேலை இன்னும் சுலபம். அதனால் நேரில் காட்டுவதை ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

இனி எடை. பம்பிங் குறைந்த இதயத்தில் நீர் சேர ஆரம்பித்தால், பல பேருக்கு மூச்சுத்திணறல் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எடை ஏறும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிற அளவுக்கு வீக்கம் தெரிவதற்குள் பல கிலோ நீர் சேர்ந்துவிடும். அதனால் கால் வீங்கவில்லையே என்று இருப்பது இந்த நோயில் சரிவராது. பொதுவான அளவுகோல், மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே டாக்டரைத் தொடர்புகொள்வது. உங்கள் டாக்டர் சீட்டில் வேறு எண் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

மெஷின் 100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் மெஷினாக இருக்கட்டும். முள் ஓடும் பழைய வகை வேண்டாம், அரைக் கிலோ ஏற்ற இறக்கம் அதில் பிடிபடாது. மேடை அகலமாக இருக்கட்டும். அம்மா தடுமாறாமல் ஏறி நிற்கச் சுவரோரமாக வைக்கலாம், ஆனால் நிற்கும்போது சுவரைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் எடை குறைத்துக் காட்டும். லயத்து வீடுகளில் சிமெண்ட் தரை ஒரே மட்டமாக இருப்பதில்லை. நான்கு காலும் ஆடாமல் உட்காரும் இடத்தைக் கண்டுபிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, தினமும் அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். பாய், கம்பளி, ரப்பர் விரிப்பு எதன் மேலும் வைக்கக் கூடாது.

நேரம், காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, கட்டன்சாயாவுக்கு (பால் சேர்க்காத டீக்கு) முன். அதே மாதிரி மெல்லிய உடுப்பு. மலைக்குளிரில் ஸ்வெட்டரும் சால்வையும் போட்டபடி ஏறி நின்றால் அரைக் கிலோவுக்கு மேலேயே கூடிவிடும், அடுத்த நாள் கழற்றிவிட்டு நின்றால் நீர் இறங்கிவிட்டது போலத் தெரியும். மெஷின் நம்பகமானதா என்று பார்க்க எளிய வழி, பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையை மாதத்துக்கு ஒரு முறை நிறுத்துப் பார்ப்பது. எண் எப்போதும் போல வர வேண்டும். எடை குறைந்த சாமானைக் கண்டுகொள்ளாத மெஷினாக இருந்தால், பையில்லாமலும் பையோடும் அப்பா ஏறி நின்று வித்தியாசத்தைப் பார்க்கலாம்.

எடையை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. பசியில்லாமல் சாப்பாடு குறைந்து உடம்பு இளைத்துக்கொண்டே போகும்போது, இளைத்த சதைக்கு ஈடாக நீர் சேரும். மெஷின் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் நீர் கோக்காத எடையை ஒவ்வொரு தடவை நேரில் காட்டும்போதும் டாக்டர் புதிதாகக் குறித்துக்கொடுக்க வேண்டும். கூடவே மூன்று கேள்விகளைத் தினமும் கேளுங்கள்: நேற்று ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள்? மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தீர்களா? படுத்தால் இருமல் வருகிறதா? ஒரு தலையணை இரண்டானால், எடை ஏறாவிட்டாலும் அது செய்திதான். வயிறு உப்பசமாக இருக்கிறது, நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்று சொன்னால் வாயுத் தொல்லை என்று தள்ளாதீர்கள், நீர் அங்கேயும் சேரும். இன்னொன்று, இரண்டே நாளில் 2 கிலோ இறங்கினாலும் அழைக்க வேண்டும். பேதியாகவோ நீர் மாத்திரை அதிகமானதாகவோ இருக்கலாம். சிறுநீரகம் அடிபடுவது இப்படித்தான் தொடங்கும்.

பிரஷர் மெஷினில் பெட்டியின் விலையைவிடப் பட்டையின் அளவு முக்கியம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே டெய்லர் டேப்பால் சுற்றளவு எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியோடு வருகிற சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கானது. அதைவிடப் பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். மணிக்கட்டு மெஷின் வேண்டாம். வாங்குமுன், அந்த மாடல் மருத்துவச் சங்கங்களின் சோதனையில் தேறியதா என்று ஸ்டிரைட் பிபி என்ற பன்னாட்டுப் பட்டியலில் பாருங்கள். கம்பெனிப் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, மாடல் எண்ணே இருக்க வேண்டும்.

அளக்கும் முறை: அரை மணி முன்பிருந்து டீ, காபி, வெற்றிலை-புகையிலை கிடையாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய நாற்காலியில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். கால் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேலோ அடுக்கிய தலையணை மேலோ இருக்கட்டும். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் மேல் எண் எட்டுவரை கூடுதலாகக் காட்டும். ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டி, அந்தச் சுருட்டலுக்குக் கீழே பட்டையைக் கட்டுவது மலைப்பக்கத்து வீடுகளில் வழக்கமான தவறு. சுருட்டிய துணி கையை இறுக்கி அளவையே கெடுத்துவிடும். அந்தக் கையை ஸ்வெட்டரிலிருந்து முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும். அளக்கும்போது பேச்சு வேண்டாம். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுத வேண்டும். காலை மாத்திரைக்கு முன் ஒரு முறை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை. முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பார்த்து, எது கூடுதலோ அந்தக் கையையே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் காட்ட ஏழு நாள் எடுத்தால், முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைப் பார்ப்பது வழக்கம். வீட்டுச் சராசரி 135/85 என்றாலே உயர் ரத்த அழுத்தம்தான், கிளினிக்கில் சொல்லும் 140/90 வீட்டுக்குப் பொருந்தாது.

ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் தொல்லை மேல் பக்கத்தில் வருவதைவிடக் கீழ்ப் பக்கத்தில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பிரஷரைக் குறைக்கும். 100/60 என்று பார்த்ததும் பயந்து, பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பத்து நாளில் மூச்சுத்திணறலோடு வருவார்கள். தலைசுற்றல் இல்லாமல் நடமாடுகிறார் என்றால் 100 என்பது பதற வேண்டிய எண் இல்லை. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால், உட்கார்ந்தபடி ஒரு தடவையும், எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் மறுபடியும் பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் விழுந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மெஷினில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்ற குறி திரும்பத் திரும்ப வந்தால் ஒரு ஈசிஜி எடுங்கள். ஓய்வில் நாடி 110-க்கு மேலோ 50-க்குக் கீழோ நின்றாலும் அப்படியே.

வாட்சை மறந்துவிடுங்கள். பட்டை இல்லாமல் மணிக்கட்டில் வெளிச்சத்தை வைத்துப் பிரஷர் சொல்லும் கருவிகளைச் சிகிச்சை முடிவுக்குப் பயன்படுத்த ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் பரிந்துரைக்கவில்லை.

ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தால் இருக்கட்டும், தினமும் பார்க்கத் தேவையில்லை. மூச்சு வாங்கும் நாளில் பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தால் தப்பான எண் வரும், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். வண்டிப்பெரியாறு உயரத்துக்கு ஆக்ஸிஜன் பெரிதாகக் குறையாது. அதனால் மலைதானே என்று 91-ஐ விட்டுவிடாதீர்கள். நீடித்த நுரையீரல் நோய் வேறு இல்லாதவருக்கு 94-க்குக் கீழே என்றால் போன், 90-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரி.

சர்க்கரையை எத்தனை தடவை குத்திப் பார்ப்பது என்பது மருந்தைப் பொறுத்தது. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்தால் தாழ்சர்க்கரை ஆபத்து உண்டு, சாப்பாடு குறைந்த நாளில் கட்டாயம் பார்க்க வேண்டும். இதயத்துக்குத் தரும் மெட்டோபிரோலால், பைசோபிரோலால் போன்ற மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும் தெரியும். காரணமில்லாமல் வியர்த்தால் உடனே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி ஒரு நாள் திறந்து கிடந்தால்கூட அங்கத்து மழைக்கால ஈரத்தில் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் சர்க்கரை கூடுதலாகக் காட்டும்.

இந்த எண்களை உங்களிடம் சேர்ப்பது எப்படி? புளூடூத் மெஷின் வாங்கினால், அதோடு இணைத்த போன் பக்கத்தில் இருந்து ஆப் திறந்திருந்தால்தான் எண் போகும். போன் அப்பா சட்டைப்பையில் டவுனுக்குப் போயிருந்தால் ஒன்றும் போகாது. நாலு நாள் எண்கள் ஒரே மூட்டையாக வந்து சேரும், பேட்டரி மாற்றியபின் தேதியைச் சரிசெய்யாவிட்டால் எந்த நாள் எது என்றே தெரியாது. அப்பா தன் பிரஷரையும் அதே மெஷினில் பார்த்தால் அதுவும் அம்மா கணக்கில் ஏறும். உங்கள் வீட்டுக்கு நோட்டும் வாய்ஸ் மெசேஜும் போதும். நோட்டில் முதலில் எழுதிவிட்டு, எழுதியதைப் படித்து மெசேஜ் போடச் சொல்லுங்கள், எப்போதும் ஒரே வரிசையில்: "எடை அறுபத்திரண்டு புள்ளி நாலு. பிரஷர் நூற்றிப் பதினெட்டு, எழுபது. நாடி எழுபத்தாறு. தலையணை ஒன்று. மாத்திரை போட்டாச்சு." சிக்னல் வந்ததும் அது தானே போய்விடும். எட்டரை மணிவரை வரவில்லை என்றால் நீங்கள் அழையுங்கள். அழைப்பும் போகவில்லை என்றால் போய்க் கதவைத் தட்ட, பக்கத்து லயத்தில் ஓர் ஆளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். செய்தி வராத காலையை எடை ஏறிய காலை மாதிரியே நடத்துங்கள்.

எடை ஏறியதும் நீர் மாத்திரை போதாதது மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். சமையல்கட்டையும் மருந்துப் பையையும் சேர்த்து விசாரியுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் முதல் சந்தேகம். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் அடுத்தது. இவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். குறைந்த சோடியம் உப்பு என்று விற்கிற பாக்கெட் வேண்டவே வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரோனோலாக்டோன் (இதய நோயாளிகளுக்குத் தரும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் ஒரு மாத்திரை) எடுப்பவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கும்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தேனியில் எழுதிய மாத்திரை ஒரு பெயரில் இருக்கும், பக்கத்து பிஎச்சியில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) பிரஷருக்கும் சர்க்கரைக்கும் தருகிற அதே மருந்து வேறு அட்டையில் இருக்கும். இரண்டையும் போட்டுக்கொண்டு இரட்டை அளவு சாப்பிடுபவர்கள் நிறைய. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எல்லா அட்டைகளையும் கட்டிலில் கொட்டி, பிராண்டு பெயரை விட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒவ்வொன்றாகப் படித்து ஒரே பட்டியலாக எழுதுங்கள். அதில் ஒரு பிரதி நோட்டில், ஒன்று உங்கள் போனில், ஒன்று ஆஷா பணியாளர் (ஊரளவில் வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர்) கையில். அவருக்குத் தமிழ் புரிந்தாலும் மருந்துப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதுதான் இரு பக்கமும் செல்லும்.

ராத்திரியில் மூச்சு முட்டி உட்கார்ந்தே இருக்கிறார், நுரை நுரையாகச் சளி, நெஞ்சுவலி, மயக்கம், குழப்பமாகப் பேசுகிறார் என்றால் எந்த எண்ணையும் அளக்க வேண்டாம். 108-ஐ லயத்திலிருந்துதான் அழைக்க வேண்டும். கோவையிலிருந்து நீங்கள் 108 அழுத்தினால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும், அதனால் கேரள வண்டியை உடனே அனுப்ப முடியாது. அழைப்பவர் எஸ்டேட் பெயர், டிவிஷன், வண்டி ஏறி வரக்கூடிய கடைசி இடம் மூன்றையும் சொல்ல வேண்டும். இதை மலையாளத்திலும் எழுதி நோட்டின் அட்டையில் ஒட்டுங்கள். முதலில் பீர்மேடு தாலுகா ஆஸ்பத்திரி போன்ற பக்கத்து இடத்தில் ஆக்ஸிஜனும் ஊசியும் கிடைக்கட்டும், தேனியா கோட்டயமா என்பதைப் பிறகு பார்க்கலாம். நம்ம டாக்டர் தேனியில்தான் என்று அந்த நிலையில் மலையிறங்கிக் கம்பம் நோக்கி வண்டியை விடுவது ஆபத்து.

இரண்டு மாதம் இது ஒழுங்காக நடந்தபிறகும் அந்தக் கம்பெனி பேக்கேஜ் வேண்டும் என்று தோன்றினால், அவர்களிடம் கேளுங்கள்: எண்ணைப் பார்ப்பது யார், நர்ஸா, மென்பொருளா? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு எண் தவறினால் எத்தனை நிமிஷத்தில் யார் அழைப்பார்? தேனி டாக்டரிடம் பேசுவார்களா, தங்கள் டாக்டரை வைத்து மருந்தை மாற்றுவார்களா? எடை மெஷின் உண்டா? கருவி போனை நம்பியிருக்கிறதா, தனி சிம்மில் ஓடுகிறதா? தனி சிம் என்றால் லயத்தில் எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தாவை நிறுத்தினால் பழைய எண்கள் உங்கள் கைக்கு வருமா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். திருப்தியாக இருந்தாலும் மாதாமாதம் கட்டுங்கள், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள்.